குறையில்லாத கிட்டாரின் குறை

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பால் ரீட் ஸ்மித் என்பவரின் பெயரைத் தாங்கி வெளிவரும் பி.ஆர்.எஸ். மின்கிட்டார்களைப் பற்றி வாசிப்பவர்களிடையே வழங்கும் கருத்துகள் பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும். ‘இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை’ என்பது முதலாவது. ‘அதுதான் இதன் குறை’ என்பது இரண்டாவது. ஒரே கலைஞர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதும் உண்டு. மரவேலை, பூச்சு, ஃபிரெட்டுகளின் விளிம்பு, சுருதி நிற்கும் உறுதி என ஒவ்வொன்றுக்கும் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, கடைசியில் ‘ஆனாலும் உயிர் இல்லை’ என்று கருவியைச் சுவரில் திருப்பி மாட்டிவிடுவார். பொருள்களின் தரத்தையும் மனிதர்களின் ரசனையையும் ஆராய்பவர்கள் நின்று கவனிக்க வேண்டிய இடம் இந்த ‘ஆனாலும்’. தரம் முழுமையாக ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னரும் எஞ்சி நிற்கும் அந்த மனக்குறை எதைப் பற்றியது என்ற கேள்வி, கிட்டாரை ஒருமுறைகூடத் தொட்டிராதவருக்கும் உரியதே.

இந்த நிறுவனத்தின் தொடக்கமே வாசிப்பவர்களின் கருத்தை நம்பி எழுந்தது. 1970களில் கல்லூரி மாணவராக இருந்தபோது ஸ்மித் தம் முதல் கிட்டார்களில் ஒன்றைப் படிப்பின் பகுதியாகவே செய்தார். பின்னர் அனபோலிஸ் நகரில் ஒரு சிறு பட்டறை. விளம்பரத்துக்குப் பணம் இல்லாத அக்காலத்தில் அவர் கண்டுபிடித்த வழி எளிது: வாஷிங்டனை ஒட்டிய பெரிய அரங்குக்கு இசைக்குழுக்கள் வரும்போது, மேடைப் பணியாளர்களுடன் பழகி, கச்சேரிக்கு முந்தைய மணிநேரங்களில் உள்ளே நுழைந்து, தாம் செய்த கிட்டாரைப் புகழ்பெற்ற கலைஞர்களின் கையில் கொடுத்துவிடுவது. டெட் நியூஜென்ட், பீட்டர் ஃபிராம்ப்டன், கார்லோஸ் சாந்தானா ஆகியோர் இப்படித்தான் அவருடைய கருவிகளுக்கு அறிமுகமானார்கள். சொற்களால் எதையும் நிறுவ அவர் முயலவில்லை. நிறுவும் பொறுப்பைக் கலைஞரின் கையிடமே விட்டார். சாந்தானாவைப் பற்றி ஸ்மித் பலமுறை சொல்லிவந்துள்ள கதை ஒன்று உண்டு. முதல் கிட்டார் சிறப்பாக அமைந்ததைச் சாந்தானா செய்தவரின் திறமைக்கு வரவு வைக்கவில்லையாம். தற்செயலாக வாய்த்த அருள் என்றே எடுத்துக்கொண்டாராம். அடுத்தடுத்து வந்தவையும் அதே தரத்தில் இருந்த பிறகுதான் செய்தவரைக் கைவினைஞர் என்று ஒப்புக்கொண்டாராம். கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருந்தாலும், அது சுட்டும் அளவுகோல் தெளிவானது. ஒரு நல்ல கருவி செய்வது சாதனையாகக் கருதப்படவில்லை. நல்ல கருவியைத் திரும்பத் திரும்பச் செய்வதே சாதனை. பிற்காலத்தில் இதே சாதனைதான் புகாராகவும் மாறியது.

1985-இல் நிறுவனம் முறையாகத் தொடங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஸ்மித் செய்த ஒரு காரியம் ஆய்வு மாணவர்களுக்குப் பிடிக்கக்கூடியது. காப்புரிமை ஆவணங்களைப் புரட்டியபோது, தாம் வியந்த பழைய கிப்சன் கிட்டார்களின் பின்னால் டெட் மெக்கார்ட்டி என்ற பெயர் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டார். 1950 முதல் 1966 வரை கிப்சன் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் அவர். லெஸ் பால், எக்ஸ்ப்ளோரர், ஃபிளையிங் வி, இ.எஸ்.-335 எல்லாம் அவர் காலத்துப் பிறப்புகள். ஸ்மித் அந்த முதியவரைத் தேடிப் பிடித்து ஆலோசகராக வைத்துக்கொண்டு, எந்தப் பசை, எப்படி உலர்த்தினீர்கள், கழுத்தை எப்படிப் பொருத்தினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1994-இல் மெக்கார்ட்டியின் பெயரிலேயே ஒரு கிட்டார் வந்தது. ஒரு நிறுவனம் மறந்துவிட்ட தன் அறிவை இன்னொரு நிறுவனம் வாய்மொழி வரலாறாகச் சேகரித்துக்கொண்ட நிகழ்வு என்று இதைச் சொல்லலாம்.

இனி, கைக்கு வருவோம். கடையில் ஒரு கிட்டாரை எடுக்கும் அனுபவசாலி முதலில் என்ன செய்கிறார் என்று பார்த்தால், அவர் தந்தியை மீட்டுவதற்கு முன்பே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுவது தெரியும். கருவியின் எடையை இரு கைகளிலும் தாங்கிப் பார்க்கிறார். இடது உள்ளங்கையைக் கழுத்தின் பின்புறம் மேலும் கீழும் ஓடவிடுகிறார். பூச்சு ஒட்டிக்கொள்கிறதா, வழுக்கிச் செல்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். சுட்டுவிரலின் பக்கவாட்டை விரற்பலகையின் ஓரத்தில் இழுத்துப் பார்க்கிறார். உலர்ந்த பருவத்தில் மரம் சுருங்கும்போது உலோக ஃபிரெட்டுகளின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு அரம்போல உறுத்தும். ஈரம் மிகுந்த ஊரிலிருந்து குளிர்காலத் தில்லிக்குக் கருவியை எடுத்துச் சென்றவர்களுக்கு இந்த உறுத்தல் நன்கு தெரியும். அதன்பின் ஒரு தந்தியை அழுத்தி வளைத்து, சுரம் மேலேறும்போது அடைபடாமல் நிற்கிறதா என்று பார்க்கிறார். பி.ஆர்.எஸ். கிட்டார்கள் இந்தத் தேர்வுகளில் அநேகமாகத் தோற்பதில்லை. கணினி வழி இயங்கும் வெட்டு இயந்திரங்கள் மரத்தைத் தோராயமாக வடித்த பின், கழுத்தின் கடைசி வளைவு கையால் தேய்க்கப்படுகிறது. தேய்ப்பவரின் கையிலிருந்து வாசிப்பவரின் கைக்கு அந்த வளைவு இடைத்தரகர் இல்லாமல் போய்ச் சேர்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், ‘கைக்கு அடங்குகிறது’ என்ற பாராட்டு தேய்ந்த சொல்லாகத் தோன்றாது.

வாசிப்பவர்கள் ‘இணக்கம்’ என்று சொல்வதில் ஒரு பெரும் பகுதி அளக்கக்கூடியது. தந்தி அதிரும் நீளத்தை எடுத்துக்கொள்ளலாம். ஃபெண்டர் கிட்டார்களில் அது 25.5 அங்குலம். கிப்சனில் பெயரளவில் 24.75. ஸ்மித் தேர்ந்தது 25. ஒரே பருமனுள்ள தந்தியை ஒரே சுருதிக்கு முறுக்கும்போது தேவைப்படும் இழுவிசை, நீளத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். ஆகவே பி.ஆர்.எஸ். கிட்டாரின் தந்தி ஃபெண்டரின் தந்தியைவிட ஏறத்தாழ 4 விழுக்காடு தளர்ச்சியாகவும், கிப்சனின் தந்தியைவிட 2 விழுக்காடு விறைப்பாகவும் இருக்கும். ‘இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது’ என்று வாசிப்பவர்கள் சொல்வது வெறும் உவமை என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விரற்பலகையின் வளைவும் அப்படியே: பழைய ஃபெண்டரின் ஆரம் 7.25 அங்குலம், கிப்சனுடையது 12, பி.ஆர்.எஸ். முதன்மை வகைகளில் 10. தந்திகள் நட்டிலிருந்து முறுக்காணிக்குப் பக்கவாட்டில் விலகாமல் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்லும்படி தலைப்பகுதி வடிவமைக்கப்பட்டிருப்பதால், நட்டின் பள்ளத்தில் உராய்வு குறைகிறது. வளைத்து விட்ட தந்தி பழைய சுருதிக்கே திரும்புகிறது. ‘சொன்னபடி கேட்கிறது’ என்ற பாராட்டுக்குப் பின்னால் இருப்பது இந்த உராய்வுக் குறைவு.

இத்தகைய விவரங்களை வாசிப்பவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. கை அறிந்திருக்கிறது. பார்வையற்றவரின் கைத்தடி அவருக்குத் தடியாகத் தோன்றாமல் தரையையே உணர்த்துவதுபோல, பழகிய கழுத்து கழுத்தாகத் தோன்றாமல் மறைந்துவிடுகிறது என்று மைக்கேல் பொலானியின் வழியில் நின்று விளக்கலாம். ஆனால் அந்த விளக்கத்தோடு நின்றுவிட்டால் ஒரு சிக்கல் வரும். எந்தக் கழுத்தில் பழகியதோ அந்தக் கழுத்துதான் மறையும். இருபது ஆண்டுகள் கிப்சனில் பழகிய கைக்கு 25 அங்குல நீளம் ‘ஏதோ ஒன்று சரியில்லை’ என்றே சொல்லும். அந்தக் கை பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொல்வது கருவியின் குறையைப் பற்றிய செய்தி என்று எடுத்துக்கொள்வது தவறு. அது தன் வரலாற்றைத்தான் சொல்கிறது. வாசிப்பவர் கருத்துகளைத் தரவாகத் தொகுக்கும் எவரும் ‘எத்தனை பேர் விரும்பினர்’ என்ற எண்ணோடு, ‘இதற்கு முன் எதை வாசித்தவர்கள்’ என்பதையும் குறித்துக்கொள்ளாவிட்டால், அந்தத் தொகுப்பால் பயனில்லை.

அளக்கக்கூடியது, பழக்கத்தால் வந்தது என்று இரண்டையும் கழித்த பிறகும் ‘உயிர் இல்லை’ என்பது மிஞ்சுகிறது.

இதைச் சொல்பவர்கள் உயிருள்ள கிட்டாருக்கு எடுத்துக்காட்டாக எதைச் சொல்கிறார்கள்? பெரும்பாலும் 1958 முதல் 1960 வரை கிப்சன் செய்த, வெயில்நிறப் பூச்சுக் கொண்ட லெஸ் பாலை. இன்று அவை செல்வந்தர்களின் சேகரிப்பில் வீட்டு விலைக்கும் மேலே போகின்றன. அவை புதிதாகக் கடைக்கு வந்த காலத்தில் நன்றாக விற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கிப்சன் அந்த வடிவத்தையே கைவிட்டது. 1968-இல்தான் மீண்டும் கொண்டுவந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்தது என்னவென்றால், எரிக் கிளாப்டனும் மைக் புளூம்ஃபீல்டும் அந்தப் பழைய கிட்டார்களைக் கையில் எடுத்து ஒலிப்பதிவு செய்தார்கள். அதன்பின் உலகம் அவற்றை வேறு காதால் கேட்டது. மரமும் கம்பிச்சுருளும் மாறவில்லை. 1959-இல் அந்தக் கிட்டாரில் இருந்திராத ஏதோ ஒன்று 1966-இல் இருந்தது. அதற்கு உயிர் என்று பெயர் வைத்தால், அந்த உயிர் தொழிற்சாலையில் ஊற்றப்பட்டதல்ல என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது பேசப்படுவது குறைவு. பழைய கிட்டார்கள் ஒன்றுபோல் ஒன்று இருந்ததில்லை. ஒன்றின் கழுத்து தடித்திருக்கும், மற்றொன்றில் பிக்கப்பின் கம்பிச்சுற்று கூடியிருக்கும், இன்னொன்று காரணமே தெரியாமல் செத்துக்கிடக்கும். பத்தை வாசித்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஒரு திறமை. தேர்ந்தெடுத்தவருக்கு ‘நல்லதை அடையாளம் காணத் தெரிந்தவர்’ என்ற மதிப்பு கிடைத்தது. பி.ஆர்.எஸ். வந்து, எந்த ஒன்றை எடுத்தாலும் ஏறத்தாழ அதே நேர்த்தி என்று ஆக்கியபோது, அந்தத் திறமைக்கு வேலை இல்லாமல் போயிற்று. தேர்ந்தெடுக்கத் தெரியாதவரும் நல்ல கருவியோடு வீடு திரும்பலாம் என்ற நிலை, தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்கு ஓர் இழப்பு. அந்த இழப்பை இழப்பு என்று சொல்ல அவருக்குச் சொல் இல்லை. ‘உயிர் இல்லை’ என்ற சொல் கைக்கு எட்டுகிறது.

‘பல் மருத்துவரின் கிட்டார்’ என்ற கேலியும் இதே வேரிலிருந்து வருவது. பணம் உண்டு, வாசிப்பு இல்லை, வரிப்புலிபோல் மின்னும் மேப்பிள் மேற்பலகைக்காக வாங்கி வரவேற்பறையில் மாட்டிவைப்பவர் என்பது அந்தக் கேலியின் பொருள். மேற்பலகையின் மர வரிகள் எவ்வளவு எடுப்பாக இருக்கின்றன என்று தரம்பிரித்து, மிக எடுப்பானவற்றுக்குக் கூடுதல் விலை வைக்கும் வழக்கம் இந்நிறுவனத்தில் உண்டென்பதால் கேலிக்கு ஆதாரம் இல்லாமலில்லை. வரி அழகு ஒலிக்கு எதையும் சேர்ப்பதாக யாரும் காட்டியதில்லை. ஆனால் கேலி செய்பவர்களின் கையில் இருக்கும் பழைய கிட்டாரின் உரிந்த பூச்சும் அதேபோல ஒலிக்கு எதையும் சேர்ப்பதில்லை. அது உழைப்பின் அடையாளமாக எண்ணப்படுகிறது. புதிய கிட்டாரையே கடையில் கொடுத்துச் செயற்கையாக உரித்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பளபளப்பு செல்வத்தைக் காட்டிக்கொள்வது என்றால், உரிந்த பூச்சு செல்வத்தை மறைத்துக்காட்டுவது. பியர் பூர்தியு 1979-இல் பிரெஞ்சு மேட்டுக்குடியின் ரசனை பற்றி எழுதியதைப் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

சோதனை செய்து பார்த்தால் என்ன என்ற கேள்வி இயல்பானது. வயலின் உலகில் செய்து பார்த்திருக்கிறார்கள். 2010-இல், இந்தியானாபொலிஸ் நகரில் நடந்த வயலின் போட்டியின்போது, கிளாடியா ஃபிரிட்ஸும் ஜோசப் கர்ட்டினும் உடன் ஆய்வாளர்களும் ஒரு விடுதி அறையில் 21 வயலின் கலைஞர்களை வாசிக்கச் சொன்னார்கள். கருவிகள் ஆறு: புதியவை மூன்று, ஸ்ட்ராடிவாரி இரண்டு, குவார்னெரி ஒன்று. மங்கிய ஒளி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று மோவாய்த் தாங்கியில் வாசனைத் திரவியம். வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, 21 பேரில் 8 பேர் மட்டுமே பழைய கருவியைத் தேர்ந்தனர். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. 2012-இல் முடிவுகள் வெளியானபோது எழுந்த சினம், அறிவியல் சினமாக மட்டும் இருக்கவில்லை.

மின்கிட்டாரில் இதற்கு இணையாக அதிகம் பேசப்பட்டது, நாஷ்வில் நகரின் கிட்டார் கலைஞர் ஜிம் லில் காணொளியாக வெளியிட்ட முயற்சி. உடலும் கழுத்தும் இல்லாமல், ஒரு பட்டறை மேசைக்கும் இன்னொரு தாங்கலுக்கும் இடையே தந்திகளைக் கட்டி, பிக்கப்பை உரிய தூரத்தில் வைத்துப் பதிவுசெய்து, விலை கூடிய கிட்டாரின் ஒலியோடு பக்கத்தில் வைத்துக் காட்டினார். வேறுபாட்டைச் சொல்ல முடியாமல் பலரும் திகைத்தனர். ‘மரம் பாடுகிறது’ என்ற நம்பிக்கைக்கு அது பெரிய அடி. ஆனால் அதே காணொளி இன்னொன்றையும் காட்டிவிட்டது. அதைப் பற்றி யாரும் வியக்கவில்லை. ஒலி அப்படியே இருந்தது, வாசிக்கத்தான் முடியாது. கழுத்து இல்லாத தந்தியில் விரல் எங்கே ஓய்வெடுக்கும்? பி.ஆர்.எஸ். பற்றிய கருத்துகளில் ஒலியையும் இணக்கத்தையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவதே வழக்கம். கை எதைப் பற்றிச் சாட்சி சொல்லத் தகுதியுடையதோ அதைப் பற்றி மட்டும் அதைக் கேட்டால் நம்பலாம். கழுத்து பொருந்துகிறதா, சுருதி நிற்கிறதா, மூன்று மணிநேரக் கச்சேரிக்குப் பிறகு மணிக்கட்டு வலிக்கிறதா என்ற கேள்விகளில் கைக்கு நிகரான கருவி ஆய்வகத்தில் இல்லை. ‘ஒலியில் ஆழம் இருக்கிறதா’ என்று கேட்டால், கை விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லும்.

கண்ணுக்கும் கைக்கும் உள்ள இந்தப் பிணக்கு ஒருமுறை நீதிமன்றத்துக்கே போனது. 2000-இல் பி.ஆர்.எஸ். ஒற்றை வெட்டு வடிவத்தில் ஒரு கிட்டாரை வெளியிட்டது. லெஸ் பாலின் வடிவம் தன் வணிகச் சின்னம் என்று கிப்சன் வழக்குத் தொடுத்தது. கீழமை நீதிமன்றம் கிப்சன் பக்கம் நின்று தடையும் விதித்தது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. 2006-இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. வழக்கின் சுவையான பகுதி வாதத்தில் இருக்கிறது. கடையில் கிட்டாரைக் கையில் எடுத்து வாங்குபவர் ஒன்றை மற்றொன்றாகத் தவறாக எண்ண மாட்டார் என்பதைக் கிப்சனே ஒப்புக்கொண்டது. குழப்பம் வேறிடத்தில் என்பது அதன் வாதம்: புகை மண்டிய மதுக்கூடத்தில் தூரத்து மேசையிலிருந்து மேடையைப் பார்ப்பவர், அங்கே இருப்பது லெஸ் பால் என்று எண்ணிவிடுவார். இந்தப் ‘புகை மதுக்கூடக் கோட்பாட்டை’ மேல்முறையீட்டு நீதிபதிகள் ஏற்கவில்லை. கருத்துகளை ஆராய்பவருக்கு அந்த வாதம் ஒரு வகையில் உதவுகிறது. கிட்டாரைப் பற்றிப் பேசுபவர்களில் எத்தனை பேர் கையில் எடுத்தவர்கள், எத்தனை பேர் தூரத்து மேசையில் அமர்ந்தவர்கள் என்று பிரிக்கக் கற்றுத்தருகிறது. (பி.ஆர்.எஸ். விரற்பலகையில் பதித்திருக்கும் பறக்கும் பறவைகள் தூரத்து மேசைக்கும் தெரிபவை. பறவை பார்ப்பதில் ஈடுபாடு கொண்ட ஸ்மித்தின் தாயாரிடமிருந்து வந்தவை அவை.)

அந்த விரற்பலகையைப் பற்றியும் ஒரு சொல். இந்தக் கிட்டார்கள் பலவற்றில் இடது கை விரல்கள் ஓடும் பலகை ஈட்டி மரத்தாலானது. தமிழில் தோதகத்தி என்றும் சொல்வார்கள். நீலகிரியும் வயநாடும் உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகள் அதன் தாயகம். அதைக் காக்கத் தமிழ்நாடு 1990களில் தனிச் சட்டமே இயற்றியது. 2017 ஜனவரியில் அந்தப் பேரினத்து மரங்கள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தபோது, கிட்டார் உலகம் அனுமதிச் சீட்டுகளில் மூழ்கியது. 2019 இறுதியில்தான் செய்துமுடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. வாசிப்பவர்களின் தரவரிசையில் நம்மூர் ஈட்டி இரண்டாம் இடத்தில்தான் நிற்கிறது. முதலிடம் பிரேசில் நாட்டு ஈட்டிக்கு. 1992 முதல் அதன் வணிகம் ஏறத்தாழ முற்றிலும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அரிதாக ஆக அதன் நாதம் இனிமையாகிக்கொண்டே போகிறது. ஃபிரெட்டுகள் நன்றாக அமைந்த கிட்டாரில் விரல் நுனி பெரும்பாலும் தந்தியையும் உலோகத்தையும்தான் தொடுகிறது. மரத்தை உரசுவது தந்தியை வளைக்கும்போது மட்டுமே.

மிகக் குறைவாக மதிக்கப்படும் சாட்சியம் எஸ்.இ. வகையை வாசிப்பவர்களுடையது. மாணவர் பதிப்பு என்று அந்த எழுத்துகளை விரிப்பது வழக்கம். 2000களின் தொடக்கத்தில் தென்கொரியாவில் ஒப்பந்த முறையில் செய்யப்பட்டு, இப்போது பெரும்பாலும் இந்தோனேசியாவில் செய்யப்படும் இவை, மேரிலாந்துக் கிட்டார்களின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கின்றன. 2018-இல் ஜான் மேயரின் பெயரோடு வந்த சில்வர் ஸ்கை 2,299 டாலர். 2022-இல் வந்த அதன் எஸ்.இ. வடிவம் 849 டாலர். பறவை அதே பறவை. பூச்சு, பிக்கப், மரத்தின் தெரிவு, கழுத்தின் கடைசித் தேய்ப்பு ஆகியவற்றில் வேறுபாடு உண்டு; அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் இந்த வகையைப் பற்றி வாசிப்பவர்கள் பேசும் மொழியைக் கவனிக்க வேண்டும். மேரிலாந்துக் கிட்டாரை வைத்திருப்பவர் ‘நன்றாக இருக்கிறது’ என்கிறார். எஸ்.இ. வைத்திருப்பவர் ‘இந்த விலைக்கு நன்றாக இருக்கிறது’ என்கிறார். முன்னவர் விலையைச் சொல்லும் கடமையிலிருந்து விடுவிக்கப்பட்டவர். பின்னவரின் கை எவ்வளவு தேர்ந்ததானாலும், அதன் தீர்ப்பு ஒரு நிபந்தனையோடுதான் பதிவாகிறது. வாரத்துக்கு நான்கு இரவுகள் விடுதிகளில் வாசித்து வாழும் கலைஞரிடம் இருப்பது பெரும்பாலும் எஸ்.இ. போன்ற கருவிதான். வியர்வை, ஈரம், பேருந்துப் பயணம், மின்வெட்டு எல்லாவற்றையும் அது தாங்குகிறதா என்று சொல்லக்கூடியவர் அவர். இந்திய நகரங்களில் நிலை இன்னும் சிக்கலானது. இறக்குமதி வரியும் போக்குவரத்தும் சேர்ந்து ஏற்றும் விலையில், விலை கூடிய வகைகளைக் கடையில் எடுத்து வாசித்துப் பார்க்கும் வாய்ப்புப் பலருக்கு இல்லை. பிறர் கருத்தை நம்பியே முன்பணம் கட்டுகிறார்கள். ‘உயிர் இல்லை’ என்ற அலங்காரச் சொல் அவர்களுக்குச் செலவு வைக்கக்கூடியது. நட்டில் தந்தி சிக்குகிறது, ஐந்தாவது ஃபிரெட்டில் இரைகிறது, கழுத்து மழைக்காலத்தில் வளைகிறது என்பன போன்ற அழகற்ற வாக்கியங்களே அவர்களுக்குத் தேவை.

நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்ட நிலையில் இன்னொரு மாற்றமும் கண்ணில் படுகிறது. 1990களின் நடுவில் நிறுவனம் அனபோலிஸின் சிறிய ஆலையைவிட்டு, செசபீக் விரிகுடாவைத் தாண்டி ஸ்டீவன்ஸ்வில் என்ற ஊரின் பெரிய ஆலைக்குக் குடிபெயர்ந்தது. அதற்கு முன் செய்யப்பட்ட கிட்டார்களைச் சேகரிப்பாளர்கள் இப்போது தனியே தேடி வாங்குகிறார்கள். கழுத்து உடலோடு சேரும் இடம் அவற்றில் சிறியது. சிலவற்றின் விரற்பலகை பிரேசில் ஈட்டி. அவற்றை வாசித்தவர்கள் சொல்வது: பழைய ஆலையின் கிட்டார்களில் உயிர் இருந்தது; புதியவற்றில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும்.